பழைய அளவுக்கு வெட்டியவன்

பாரிசில் ரூ காய் என்ற தெருவில் இருக்கும் என் தையற்கடைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது என்னை அல்ல, என் தலைக்கு மேலே தொங்குகிற பலகையைத்தான். 'பழைய சட்டையை அளவுக்குக் கொண்டு வராதீர்கள். உடம்பு மாறும்.' சிவப்பு மையில் நானே எழுதி மாட்டியது. பதினெட்டு வருடமாகத் தொங்குகிறது. அதைப் படித்த பிறகும் பையிலிருந்து பழைய சேலைச் சட்டையை எடுத்து நீட்டுகிறவர்களிடம் நான் பேசுகிற பேச்சு லா ஷப்பேல் வட்டாரம் முழுக்கப் பிரசித்தம். "ஏன் தங்கச்சி, பத்து வருசத்துக்கு முந்தின படத்தைக் குடுத்துப் பாஸ்போட் எடுப்பியளோ?" என்று கேட்பேன். அவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை உயர்த்தி நிற்பார்கள். நான் நாடாவைப் போடுவேன்.

இவ்வளவு வாய் உள்ள வாமதேவன் தன்னுடைய வயிற்றுக்கு எப்படி வெட்டினான் என்பதுதான் கதை. வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் மற்றவர்களை வெட்கப்படுத்தியே பிழைத்தவன் என்பதால் கணக்குச் சரியாகிவிடும்.

2015 பெப்ரவரியில் என் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் ஒரு கட்டியைக் கண்டுபிடித்து வெட்டி எடுத்தார்கள். பழைய வழியை அடைத்துவிட்டு, குடலின் நுனியை வயிற்றின் இடப்பக்கத்தால் வெளியே கொண்டுவந்து ஒரு வாய் வைத்தார்கள். இனிமேல் எல்லாம் அந்த வழியால், தோலில் ஒட்டுகிற ஒரு பைக்குள். அந்தப் பையின் ஒட்டுகிற பக்கத்தில், வாயின் அளவுக்கு ஒரு வட்டத்தை நாமே கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் என்று கேட்டதும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் நாள் மரி-லூயிஸ் என்ற தாதி வந்தாள். இந்த வாய்களையும் பைகளையும் பார்ப்பதற்கென்றே படித்தவள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிடட்டுமா, ஆஸ்பத்திரியே ஒழுங்கு செய்யும், உங்களுக்கு ஒரு செலவும் இல்லை என்றாள். பாரிசில் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை ஒரு காரில் ஏற்றிவிடலாம். அந்தக் காரில் இருக்கிற எல்லாருக்கும், இல்லாவிட்டால் அவர்களுடைய மனைவிமாருக்கு, நான்தான் சட்டை தைக்கிறேன். காலையில் என் வயிற்றைப் பார்த்தால் மத்தியானம் தோசைக்கடையில் அது பேச்சாகிவிடும். வெளியே நாங்கள் பரப்பியிருந்த கதை 'அப்பன்டிக்ஸ்'.

"வேண்டாம், எனக்குப் பிரெஞ்சு தெரியும்" என்றேன்.

என் பிரெஞ்சு எதுவென்றால் கை, கழுத்து, இடுப்பு, கொஞ்சம் இறுக்கம், கொஞ்சம் தளர்வு, வெள்ளிக்கிழமை வாருங்கள். முப்பது வருடம் அதை வைத்துக்கொண்டு நான் மரியாதையாக வாழ்ந்திருக்கிறேன். மரி-லூயிஸ் முக்கால் மணித்தியாலம் பேசினாள். நான் 'உய், உய்', அதாவது ஆம், ஆம் என்று தலையாட்டினேன். ஒரு கட்டத்தில் அவள் விதம்விதமான வட்டத் துளைகள் உள்ள ஓர் அட்டையை எடுத்து, அதை விரலால் தட்டித் தட்டி ஒரே விஷயத்தை மூன்று தரம் மெதுவாகச் சொன்னாள். முக்கியமான விஷயம் என்று முகத்தில் தெரிந்தது. அதனால் அந்த இடத்தில் மட்டும் நான் 'உய்'யைக் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

அந்த அட்டையை வைத்து அவள் அளந்தாள். முப்பத்தெட்டு மில்லிமீற்றர். நான் வீட்டுக்கு வந்ததும் கெட்டி மட்டையில் முப்பத்தெட்டுக்கு ஒரு வட்டம் வெட்டி, அதன் ஓரத்தை அரத்தாளால் தேய்த்து மழுப்பினேன். என்ன அழகான வட்டம்! மனைவி சிவமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உங்களுக்கு விசர்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அந்த மாதிரியை ஒவ்வொரு பையிலும் வைத்துக் கோடு கீறி, கோட்டில் ஒரு நூல்கூடப் பிசகாமல் வெட்டினேன்.

மார்ச்சில் எல்லாம் நன்றாக இருந்தது. ஏப்ரல் பிறந்ததும் ஒழுகத் தொடங்கியது.

முதலில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை, பிறகு ஒவ்வொரு நாளும், பிறகு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. பையின் ஓரத்தால் கசிந்து தோல் வெந்து சிவந்துபோனது. நாடாவைப் பிடித்துக்கொண்டு ஒருவருடைய தோளை அளந்துகொண்டிருக்கும்போது வயிற்றில் சூடாக ஏதோ பரவும். "ஒரு நிமிசம் பிள்ளை" என்று திரைக்குப் பின்னால் ஓடுவேன். கெட்ட மணத்துக்குப் பயந்து கடையில் காலையிலிருந்து ஊதுபத்தி கொளுத்தினேன். வாமதேவன் அண்ணை ஒப்பரேசனுக்குப் பிறகு நல்ல பக்திமான் ஆகிவிட்டார் என்று சனம் பேசிக்கொண்டது. ஒரு அம்மா எனக்கு விபூதிகூடக் கொண்டுவந்து தந்தார்.

பைக்கு நான் காசு கொடுக்கத் தேவையில்லை. நீண்டகால நோய்க்காரன் என்று நூறு வீதமும் அரசாங்கமே பொறுப்பேற்கிற கடிதம் என்னிடம் இருந்தது. டொக்டர் எழுதுகிற மருந்துச்சீட்டான ஓர்டொனான்ஸையும், கார்த் வித்தால் என்ற மருத்துவக் காப்புறுதி அட்டையையும் நீட்டினால் பார்மசியில் ஒரு மாதத்துக்கு அறுபது பை தருவார்கள். என் கடைக்கு எதிரிலேயே ஒரு பார்மசி இருக்கிறது. ஆனால் அங்கே எங்கள் ஆட்களின் வசதிக்கென்று லக்சிகா என்ற தமிழ்ப் பிள்ளையை வேலைக்கு வைத்திருந்தார்கள். தங்கமான பிள்ளை. குரல் மட்டும் கோயில் மைக். "அங்கிள், உங்கட பை வந்திட்டுது!" என்று அவள் கூப்பிட்டால் ரயில் நிலையத்தில் நிற்கிறவனும் திரும்பிப் பார்ப்பான். அதனால் நான் பாரிசுக்கு வெளியே எபினேயில் ஒரு பார்மசியைக் கண்டுபிடித்து, றெயினும் பஸ்ஸும் மாறி, ஒழுகிக்கொண்டே போய்வந்தேன்.

ஏப்ரல் பதினாலாம் திகதி வாங்கிய அறுபது பையில் ஐம்பத்துநாலு இருபத்தேழாம் திகதிக்குள் முடிந்துவிட்டது. கையில் ஆறு மிச்சம். எபினேக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், அடுத்த மாதம் பதினாலுக்குத்தான் மறுபடி தரலாம், அதற்கு முன் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் புது ஓர்டொனான்ஸ் எழுதுவித்துக்கொண்டு வாருங்கள் என்றாள்.

மே ஒன்பதாம் திகதி என் மகள் சிவாஜினிக்குக் கல்யாணம்.

எனக்குக் கோபம் வந்தால் தமிழும் பிரெஞ்சும் கலந்து வரும், இரண்டும் உருப்படியாக வராது. பை பழுது, பசை பழுது, சும்மா கொடுக்கிறது என்றதும் எங்களைப்போல ஆட்களுக்குக் கழித்துவிட்ட சாமானைத் தள்ளுகிறீர்கள் என்று நான் கத்தினேன். அதற்கு எனக்குச் சரியான சொற்கள் தெரியாததால் 'இறுக்கம் இல்லை, தளர்வு, தளர்வு, வெள்ளிக்கிழமை' என்றுதான் வாயில் வந்தது. அந்தப் பெண் பயப்படவில்லை. ஒரு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னாள். இவ்வளவு சீக்கிரம் முடிகிறதென்றால் எங்கோ பிழை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, என் ஓர்டொனான்ஸில் இருந்த இலக்கத்தைப் பார்த்து மரி-லூயிஸுக்குத் தானே ரெலிபோன் எடுத்தாள். வியாழக்கிழமை பத்து மணிக்கு இடம் கிடைத்தது. ஒரு நிபந்தனை. இந்தத் தடவை மொழிபெயர்ப்பாளர் கட்டாயம்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். கல்யாணத்தில் பெண்ணின் தகப்பன் மேல்சட்டை இல்லாமல், வேட்டி சால்வையோடு, ஓமப்புகைக்குள் மூன்று மணித்தியாலம் சம்மணம் கொட்டி இருக்க வேண்டும். மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தாரை வார்க்க வேண்டும். பாரிசின் புறநகர் ஓல்னேயில் மண்டபம் எடுத்தாயிற்று, நானூறு பேருக்குச் சொல்லியாயிற்று. நானூறு பேருக்கு முன்னால், வீடியோக்காரன் வெளிச்சம் பிடித்துக்கொண்டிருக்க, அந்தச் சூடு என் வயிற்றில் பரவினால்?

"இஞ்சாரும், உம்மட கொண்ணர் சேந்தனும் மனுசியும் எங்கட இடத்திலை இருக்கட்டும். நான் மண்டபத்துக்குப் பின்னாலை நிண்டு சாப்பாட்டைப் பாக்கிறன்" என்றேன் சிவமணியிடம்.

"என்ன கதை கதைக்கிறியள்? அண்ணைக்குப் பிள்ளையை ஆர் பெத்தவை எண்டு தெரியாதோ?"

"எனக்கு இடுப்பு நோகுது."

"உங்களுக்கு இடுப்பு நோகேல்லை, வெக்கம்" என்றாள். அதோடு விடாமல் மகளையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

சிவாஜினி இங்கே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். வாசலில் நின்று, தாரை வார்க்க நான் இருக்காவிட்டால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று பிரெஞ்சில் சொன்னாள். பிறகு, சுகம்தானா அப்பா என்று கேட்டாள். நான் 'உய், உய்' என்றேன். அவள் அறைக்குள் போய்விட்டாள்.

வியாழக்கிழமை வரைக்கும் ஆறு பையோடு சமாளிக்க வேண்டும். நான் தையற்காரன் அல்லவா? சேலைக் கரை மடித்து ஒட்டுகிற இரட்டைப் பக்க நாடாவை எடுத்துப் பையைச் சுற்றி நாலு வரிசை ஒட்டினேன். பட்டுச் சேலையில் அது அற்புதமாக வேலை செய்யும். வெந்த தோலிலிருந்து அதை உரித்தெடுக்கும்போது எப்படி இருக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் கதவைத் திறந்தேன். மரி-லூயிஸுக்குப் பக்கத்தில் சாரதாதேவி இருந்தார்.

திரும்பி ஓடத்தான் பார்த்தேன். சாரதாதேவி என் கடைக்குப் பதினொரு வருடமாக வருகிறவர். வாய் நிறையச் சிரிப்பு, கோயிலில் ஒரு சங்கத்தில் பொருளாளர், தெரியாத சனம் இல்லை. மொழிபெயர்ப்பு வேலை செய்கிறார் என்பதை நான் கேள்விப்பட்டதே இல்லை. செய்கிறவர் சொல்லித் திரியாததால்தான் கேள்விப்படவில்லை என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை.

"ஓடாதேங்கோ அண்ணை, வந்து இருங்கோ" என்றார். "இஞ்சை கதைக்கிறதை வெளியிலை கதைக்கக் கூடாது. கதைச்சால் எனக்கு வேலை போகும். அது சட்டம்."

மரி-லூயிஸ் என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னாள். சாரதாதேவி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். சட்டையை உயர்த்தியதும் மரி-லூயிஸ் கிட்டக் குனிந்து பார்த்தாள். பிறகு ஏதோ கேட்டாள்.

"அண்ணை, இது என்ன பிளாஸ்டர் எண்டு கேக்கிறா. எந்தக் கொம்பனி எண்டு தனக்குத் தெரியேல்லையாம்."

"சேலைக் கரைக்கு ஒட்டுற நாடா" என்றேன்.

சாரதாதேவியின் முதுகு குலுங்கியது. இருந்தாலும் குரலைச் சரிப்படுத்திக்கொண்டு அதை அப்படியே மொழிபெயர்த்தார். மரி-லூயிஸ் வெந்நீர்த் துணியால் நாடாவை மெதுமெதுவாக நனைத்து எடுத்தாள். முப்பது வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன், என்னை இவ்வளவு பக்குவமாக யாரும் தொட்டது கிடையாது. எனக்கு அழுகை வந்தது. நோவு என்று அவள் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் அந்தத் துளை அட்டையை எடுத்து வாயின் மேல் வைத்தாள். பிறகு நான் வெட்டி வைத்திருந்த பையைப் பார்த்தாள். மறுபடியும் அட்டையைப் பார்த்தாள்.

"இப்ப அளவு இருபத்தேழாம் அண்ணை. நீங்கள் வெட்டியிருக்கிறது முப்பத்தெட்டு. சுத்தவர இவ்வளவு தோலும் திறந்து கிடக்கு, அதிலை படுறதாலைதான் வேகுது, அதாலைதான் பசையும் பிடிக்கேல்லை எண்டுறா. ஒப்பரேசனுக்குப் பிறகு அது வீக்கம் வத்திச் சின்னனாப் போகுமாம். ஒவ்வொரு கிழமையும் அளக்கச் சொல்லி மூண்டு தரம் சொன்னவவாம், நீங்கள் ஓம் ஓம் எண்டனீங்களாம். கடைசியா எப்ப அளந்தனீங்கள் எண்டு கேக்கிறா."

நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அண்ணை?"

"அவ அளந்ததுதான்."

"பெப்ரவரியிலையோ?"

"ஓம்."

சாரதாதேவி இதை மொழிபெயர்க்கவில்லை. "வாமதேவன் அண்ணை, உங்கட கடையிலை தலைக்கு மேலை ஒரு பலகை தொங்குதெல்லோ?" என்றார். "அதிலை என்ன எழுதிக் கிடக்கு?"

"சும்மா இருங்கோ சாரதா."

"சொல்லுங்கோ. நான் இவவுக்குச் சொல்லோணும்."

"பழைய சட்டையை அளவுக்குக் கொண்டு வராதேங்கோ" என்றேன். "உடம்பு மாறும்."

அவர் அதை அட்சரம் பிசகாமல் பிரெஞ்சில் சொன்னார். நான் என்ன தொழில் செய்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். மரி-லூயிஸ் கையுறையோடு நின்று வாயைப் பொத்தப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரிக்க, சாரதாதேவி சிரிக்க, கடைசியில் வயிற்றைத் திறந்துபோட்டுக்கொண்டு நானும் சிரித்தேன். சிரிப்பில் என் வயிற்று வாயும் சேர்ந்துகொண்டு தன் பங்குக்கு ஒரு சத்தம் போட்டது. அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. இருபத்தேழுக்குப் பக்கத்தில் ஏற்கனவே வட்டம் வெட்டிய பை, வெந்த தோலுக்கு ஒரு தூள், ஓரத்தில் ஒட்ட ஒரு வளையம், அவசரத்துக்கு மேலதிகப் பை என்று புது ஓர்டொனான்ஸ் எழுதினாள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முதல் வந்து தோலைக் காட்டச் சொன்னாள். எல்லாமே நூறு வீதத்துக்குள்தான். ஒரு மாதம் நான் பட்ட பாடு முழுக்க, 'எனக்கு விளங்கவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இல்லாமல் போயிருக்கும். அந்த ஒரு வசனம் என் பிரெஞ்சில் இல்லை. தமிழிலும் நான் அதை அதிகம் பாவித்ததாக நினைவில்லை.

வெளியே நடைபாதையில் சாரதாதேவியை நிறுத்தினேன். "சாரதா, சட்டம் எண்டு சொன்னியள். எண்டாலும், தயவு செய்து ஒருத்தருக்கும்..."

அவர் நின்றார். சிரிப்பு போயிருந்தது.

"அண்ணை, பதினொரு வருசத்துக்கு முதல் நான் உங்கட கடைக்கு வந்தபோது என்ன சொன்னனான்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

உண்மைதான். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லாமல் கையை உயர்த்தி நின்றார். நாடா இடப்பக்கத்தில் வெறுமையாக விழுந்தது. அந்த மார்பை எடுத்திருந்தார்கள். நான் எதுவும் கேட்கவில்லை. அவருடைய எல்லாச் சட்டைக்கும் இடப்பக்க உள்துணிக்குள் பஞ்சு வைத்து, இரண்டு பக்கமும் ஒன்றாக விழும்படி தைத்துக் கொடுத்தேன். அளவுக் கொப்பியில்கூட அதை எழுதவில்லை. என் தலையிலேயே வைத்திருந்தேன்.

"நீங்கள் அதை எத்தினை பேருக்குச் சொன்னியள்?" என்று கேட்டார்.

"என்ர மனுசிக்கும் தெரியாது."

"பிறகேன் என்னைக் கண்டு ஓடப் பாத்தனீங்கள்? விசர் மனுசன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அன்றைக்கே கடைக்கு எதிரிலுள்ள பார்மசிக்குள் நுழைந்து லக்சிகாவிடம் ஓர்டொனான்ஸை நீட்டினேன். அவள் வாசித்தாள், பின்னால் போனாள், மூன்று பெட்டியைச் சாதாரண மருந்துப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "உள்ளுக்கை இருக்கு அங்கிள்" என்று எனக்கே கேட்காத குரலில் சொன்னாள். நான் இந்தப் பிள்ளைக்குப் பயந்து எபினேக்கு ஓடியதை நினைத்தபோது என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருந்தது.

நாலு நாள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஊதுபத்தியை நிறுத்தினேன்.

திங்கட்கிழமை சிவாஜினி கல்யாணச் சேலைக்கான சட்டையைப் போட்டுப் பார்க்கக் கடைக்கு வந்தாள். அவளுடைய சட்டையை நான் மார்கழியிலேயே வெட்டித் தைத்துவிட்டேன். நிச்சயதார்த்தச் சட்டையின் அளவுதான். சொந்த மகளை எதற்கு அளக்க வேண்டும்? திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். சட்டை தோளிலிருந்து நழுவித் தொங்கியது.

துணியில் பிழை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அவள் என் தலைக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்தாள்.

நாடாவை எடுத்து அளந்தேன். சுற்றளவில் இரண்டரை அங்குலம் குறைவு. முதுகில் எலும்பு தட்டுப்பட்டது.

"எப்ப தொடக்கம் பிள்ளை இப்பிடி?"

பெப்ரவரியிலிருந்து என்றாள் பிரெஞ்சில். பிறகு, எனக்கு விளங்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, மெதுவாகத் தமிழுக்கு வந்தாள். "ஒப்பரேசன் தொடக்கம் எனக்குப் பயம். பிறகு, காலமை நீங்கள் ஒளிச்சு ஒளிச்சுத் தோய்க்கிற துணியெல்லாம் நான் கண்டனான். ஒவ்வொரு நாளும் கேட்டனான். நீங்கள் உய், உய் எண்டியள். சாகப் போறியள், எனக்குச் சொல்லாமல் மறைக்கிறியள் எண்டு நினைச்சன். எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை அப்பா."

நான் ஊசிப் பெட்டியைத் தேடுவதுபோல மேசைக்குக் கீழே குனிந்துகொண்டேன். ஊசிப் பெட்டி மேசைக்கு மேலேதான் இருந்தது. அன்றைக்கு மற்ற வேலையெல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு, அந்தச் சட்டையின் ஒவ்வொரு தையலையும் பிரித்து, அவளை மூன்று தரம் அளந்து மறுபடி தைத்தேன்.

ஓல்னே மண்டபத்தில் மேளக்காரர் வஞ்சகமில்லாமல் அடித்தார்கள். மணவறையில் வேட்டியை வயிற்றுக்கு மேலே ஏற்றிக் கட்டி, சால்வையை இடப்பக்கமாக விழவிட்டு, நானும் சிவமணியும் இருந்தோம். முன்வரிசையில் சாரதாதேவி இருந்தார். சட்டை இரண்டு பக்கமும் ஒன்றாக விழுந்திருந்தது. ஓமப்புகையில் கண் எரிந்தது. மண்டபமும் பை காற்றால் உப்பி ஒழுகிவிடுமோ என்ற பயமும் நானூறு பேரும் சேர்ந்து என் தலைக்குள் சுற்றின. ஐயர் மகளின் கையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். மெலிந்த கை.

மகள் குனிந்த தலையோடு, உதடு அசையாமல், பிரெஞ்சில் கேட்டாள். "சுகமோ, அப்பா?"

'உய்' என் நாக்கு நுனியில் வந்து நின்றது. முப்பது வருடப் பழக்கம். அதை விழுங்கினேன்.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "சரியான பயமாக் கிடக்கு. கையை விட்டிடாதை."

அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஐயர் கையை மாப்பிள்ளையிடம் கொடுங்கோ, கையைக் கொடுங்கோ என்று இரண்டு தரம் சொன்னார். சிவமணி செம்பும் தண்ணீருமாகக் காத்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் இன்னும் கொஞ்ச நேரம் விடவில்லை.